மரக்கலம் மூழ்கிய பின்பு



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டால், எந்தத் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்பதை நம் வீடுகளில் சிறுவர்கூடக் கேட்டறிந்துகொள்வர். கூண்டு இறக்கப்பட்டதும் அப்பேச்சு ஓய்ந்துவிடும். ஆனால் புயலில் ஒரு சரக்குக் கப்பல் அகப்பட்டு மூழ்கியிருந்தால், உண்மையான வழக்கு அப்போதுதான் தொடங்குகிறது. சரக்கு யாருடையது? கடன் கொடுத்தவன் யாரிடம் கேட்பான்? கரை ஒதுங்கிய மூட்டைகளை யார் எடுக்கலாம்? கப்பலில் சென்றவன் திரும்பவில்லை, மையித்தும் கிடைக்கவில்லை என்றால், அவன் மனைவி விதவையா, இல்லையா?

அரசர்களின் போர்க் கப்பல்கள் புயலில் அழிந்தால் அதை எழுதிவைக்க அவைப் புலவர்களும் வரலாற்றாசிரியர்களும் இருந்தனர். மிளகும் அரிசியும் இரும்பும் ஏற்றிச் சென்ற சிறு மரக்கலங்களுக்கு அத்தகைய ஏடுகள் இல்லை. அவற்றின் கதி என்னவாயிற்று என்று தேடுவோருக்கு, வணிகர்களின் கடிதங்கள், ஓரிரு கல்வெட்டுகள், அவற்றைவிட அதிகமாக நம் ஃபிக்ஹு கிதாபுகள் ஆகியவையே சான்று கூறுகின்றன. மதரஸாவில் பாடம் ஓதிக்கொடுக்கையில், கடலையே கண்டிராத ஊர்களிலிருந்து வந்த மாணவர்கள், கிதாபில் ஏன் இத்தனை இடங்களில் கப்பல் வருகிறது என்று வியப்பதுண்டு. அந்நூல்கள் எழுதப்பட்ட காலத்தில் கப்பல் ஓர் உதாரணப் பொருள் அன்று, அன்றாட வழக்கு என்பதே அவர்களுக்கு நாம் கூறும் விடை.

அக்கப்பல்கள் எவ்வளவு சிறியவை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். 9ஆம் நூற்றாண்டில் சீனத்துப் பீங்கான்களை ஏற்றிக்கொண்டு வந்து இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே மூழ்கிய அரபுப் பாணி மரக்கலம் ஒன்று 1998இல் கண்டெடுக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 18 மீட்டர்தான். அதனுள் ஏறத்தாழ 60,000 பொருள்கள் இருந்தன. பலகைகளை இரும்பு ஆணியால் அறையாமல் கயிற்றால் தைத்துக் கட்டிய கப்பல் அது. தைத்த கப்பல் பாறையில் மோதினால் சற்று வளைந்துகொடுக்கும், ஆணியடித்தது உடைந்துவிடும் என்று இப்னு பதூதா காரணம் கூறுகிறார். அது ஓரளவு சரியாகவும் இருக்கலாம். ஆயினும் சூறாவளி என்று வந்துவிட்டால் தையலும் ஆணியும் ஒன்றே. ஒற்றைப் பாய்மரம், திறந்த நடுப்பகுதி, விளிம்புவரை சரக்கு என்று நிற்கும் கலத்தில் அலை ஏறிவிட்டால், தண்ணீரை இறைத்து மாளாது.

ஆகவே அம்மாலுமிகளின் முதல் பாதுகாப்பு கப்பலின் வலிமையில் இல்லை, நாள் பார்ப்பதில் இருந்தது. ‘மவ்ஸிம்’ என்னும் அரபுச் சொல்லுக்குப் பருவம் என்று பொருள். ஆங்கிலேயர் பருவக்காற்றைக் குறிக்க வழங்கும் சொல்லும் அதிலிருந்தே பிறந்தது. 15ஆம் நூற்றாண்டில் ஜுல்ஃபாரில், அதாவது இன்றைய ராஸ் அல் கைமாப் பகுதியில், பிறந்த மாலுமி அஹ்மத் இப்னு மாஜித் தம் கடல் நூலில் எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு எப்போது புறப்பட வேண்டும், எப்போது புறப்படவே கூடாது என்பதைப் பாரசீகப் புத்தாண்டிலிருந்து எண்ணும் நாட்கணக்கில் வகுத்துக் கூறினார். தென்மேற்குக் காற்று உச்சத்தில் இருக்கும் மாதங்களில் கடல் ‘மூடப்பட்டது’ என்றே மாலுமிகள் பேசினர். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நம் கரையோரத்தார் காற்றுக்குப் பெயரிட்டதும் அதே தேவையால்தான். வங்கக் கடலில் ஐப்பசி முதல் மார்கழி வரையும், அரபிக் கடலில் பருவக்காற்றுக்குச் சற்று முன்னும் பின்னும் சூறாவளிகள் எழும். கடைசிச் சரக்கையும் ஏற்றிவிட்டுப் போகலாம் என்று சில நாள் தாமதித்த கப்பலுக்கு, அச்சில நாட்களே ஆபத்தாயின.

இப்னு பதூதா நம் கரையில் பட்ட பாடு இதற்கோர் எடுத்துக்காட்டு. 1344ஆம் ஆண்டையொட்டி அவர் இலங்கையின் புத்தளத்திலிருந்து மஃபருக்கு, அதாவது தமிழகக் கடற்கரைக்கு, ஒரு கப்பலில் வந்தார். காற்று வலுத்தது. கடலறிந்த தலைமை மாலுமி எவரும் தங்களிடம் இல்லை என்று அவரே குறிப்பிடுகிறார். கப்பல் பாறைகளுக்கு அருகே சென்று, பின் ஆழமற்ற நீரில் தரைதட்டியது. பயணிகள் தம் பொருள்களைக் கடலில் வீசிவிட்டு ஒருவரிடம் ஒருவர் விடைபெற்றுக்கொண்டனர். பாய்மரத்தை வெட்டிக் கடலில் தள்ளினர். மாலுமிகள் மரக்கட்டைகளைப் பிணைத்துத் தெப்பம் செய்தனர். தெப்பத்தில் எல்லோருக்கும் இடமில்லை. தம்முடன் வந்தோரை அதில் அனுப்பிவிட்டு, இப்னு பதூதா இரவு முழுவதும் கப்பலின் பின்பகுதியிலேயே தங்கினார். விடிந்ததும் இக்கரையின் மக்கள், முஸ்லிமல்லாதோர், படகில் வந்து எஞ்சியோரைக் கரை சேர்த்தனர். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீனிடம் அவர் பின்னர் சென்றார். நம் கரையோர மக்களைப் பற்றி அந்நூலில் வரும் செய்திகளுள் இது நமக்கு மிகவும் பிடித்தமானது. பேர் தெரியாத அப்படகோட்டிகள் இல்லையெனில், அவருடைய பயண நூலின் பிற்பகுதி நமக்குக் கிடைத்திருக்காது.

அந்தக் கப்பலில் பொருள்களை வீசினார்களே, அங்குதான் ஃபிக்ஹு நுழைகிறது. கப்பலின் பாரத்தைக் குறைக்க ஒருவனுடைய சரக்கை எறிந்து எல்லோரும் பிழைத்துவிட்டால், நட்டம் அவன் ஒருவனுக்கு மட்டுமா?

ஹிஜ்ரி 310இல், அதாவது கி.பி. 923ஐயொட்டி, மறைந்த முஹம்மத் இப்னு உமர் அல்கினானீ என்னும் அந்தலூசிய அறிஞர் கப்பல் வாடகையும் அதில் எழும் தகராறுகளும் குறித்துத் தனி நூலே இயற்றினார். மாலிகி அறிஞர்களின் வழி இது: எறியப்பட்ட சரக்கின் நட்டத்தை, கப்பலில் வணிகத்திற்காக ஏற்றப்பட்டிருந்த சரக்குகள் அனைத்தும் மதிப்புக்கேற்பப் பங்கிட்டு ஏற்க வேண்டும். கப்பல் போக வேண்டிய இடம் சேராமல் மூழ்கிவிட்டால் வாடகை கேட்க முடியாது என்பதும் அவர்களிடம் மேலோங்கிய கருத்து.

நம் கரையோரங்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் அணுகுமுறை வேறு. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜை ஓதியோர் இச்சட்டத்தை அறிவர். கப்பல் மூழ்கும் நிலை வந்தால் சரக்கை எறியலாம். மனித உயிர் காப்பாற்றப்படும் என்று நம்பிக்கை இருந்தால் எறிவது கடமையே ஆகும். ஆனால் பிறர் பொருளை அவர் அனுமதியின்றி எறிந்தவர் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். தன் பொருளைத் தானே எறிந்தவர் மற்றவரிடம் எதுவும் கேட்க இயலாது. “உன் சரக்கை எறி, நான் பொறுப்பு” என்று ஒருவர் சொல்லி, அதை நம்பி இவர் எறிந்திருந்தால், சொன்னவர் கொடுத்தாக வேண்டும். புயலின் நடுவே, உயிர் தொண்டைக்குழியில் நிற்கும் வேளையில், வாயால் சொன்ன ஒரு சொல்லுக்குக் கரையில் பணம் கட்ட வேண்டிவரும்.

இன்னொன்றையும் அவ்விமாம்கள் எழுதிவைத்தனர். உயிர்களைக் காக்க வேறு வழியில்லையெனில் கால்நடைகளை எறியலாம். மனிதரை எறியலாகாது. சுதந்திரமானவர்களைக் காப்பதற்காக அடிமைகளைக் கடலில் தள்ளவும் கூடாது. சட்டத்தில் இப்படித் தனியாக எழுத வேண்டியிருந்தது என்பதே, அந்த எண்ணம் மனிதருக்குத் தோன்றக்கூடியதுதான் என்பதைக் காட்டுகிறது.

பணத்தைப் பொறுத்தவரை, ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் இட்டுச் செய்யும் முளாரபா முறையில், கவனக்குறைவின்றிக் கப்பல் மூழ்கினால் முதலிட்டவர் முதலை இழப்பார், பயணம் செய்தவர் உழைப்பை இழப்பார். அவரிடம் முதலைத் திருப்பிக் கேட்க முடியாது. கடனாக வாங்கிச் சென்றிருந்தால் கதை வேறு; கப்பல் மூழ்கினாலும் கடன் மூழ்காது. கடல் வணிகத்தில் கடனைவிடக் கூட்டு ஏன் விரும்பப்பட்டது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இனி, கரை ஒதுங்கிய சரக்கு. இது பெரும்பாலும் சட்டத்தின் கையில் இருக்கவில்லை, அக்கரையை ஆண்டவன் கையில் இருந்தது. மலபாரின் வழக்கப்படி உடைந்த கப்பலிலிருந்து கிடைப்பதெல்லாம் ஆள்வோரின் கருவூலத்திற்குச் சேரும் என்றும், கோழிக்கோட்டில் மட்டும் அது உரியவருக்கே விடப்பட்டது என்றும், அந்நகரம் செழித்ததற்கு அதுவே காரணம் என்றும் இப்னு பதூதா எழுதுகிறார். அவர் இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை. அவரைத் தூதராகச் சீனத்துக்கு ஏற்றிச் செல்ல வேண்டிய மரக்கலம் அதே கோழிக்கோட்டின் கரையில் ஒரே இரவில் நொறுங்கியதையும், காவலர்கள் கொள்ளையரை விரட்டியதையும் கண்ணால் கண்டவர். ஜும்ஆத் தொழுகைக்காகக் கரையில் தங்கியதால் உயிர் தப்பினார். அவரிடம் எஞ்சியவை பத்துத் தீனார்களும் படுக்கும் விரிப்பும்தான்.

அவருக்கு நூறாண்டு முன்பே, ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னர் கணபதிதேவர் 1244ஐயொட்டி ஒரு கல்வெட்டை நிறுத்தினார். புயலில் சிக்கிக் கரையில் எறியப்பட்ட கப்பல்களின் பொன், யானை, குதிரை, மணி அனைத்தையும் முந்தைய அரசர்கள் பறித்துக்கொண்டனர் என்பதையும், தாம் உரிய சுங்கம் தவிர எதையும் எடுக்கப்போவதில்லை என்பதையும் அதில் அறிவித்தார். அது கருணையா, வணிகத் தந்திரமா என்று ஆய்வாளர் வாதிடட்டும். புயலில் எல்லாம் இழந்த வணிகனுக்கு அந்தத் தூண் தெம்பளித்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

மூழ்கியதை மீட்க முடிந்ததா? 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏடனிலிருந்து மலபாருக்கு எழுதப்பட்ட யூத வணிகர் கடிதமொன்று கெய்ரோவின் பழைய யூத ஆலயத்துச் சேமிப்பறையில் கிடைத்தது. மலபாரிலிருந்து மிளகும் இரும்பும் ஏற்றிவந்த ஒரு கப்பலைக் காற்று தள்ளிக்கொண்டு போய் பாபுல் மன்தப் நீரிணையில் மூழ்கடித்தது. மிளகு முற்றிலும் அழிந்தது. இரும்பை மீட்க ஏடனிலிருந்து முத்துக் குளிப்போர் போன்ற வல்ல மூழ்காளர்களை அமர்த்தினர். அவர்கள் ஏறத்தாழப் பாதியை எடுத்துக் கொடுத்தனர். கூலி எவ்வளவு, யார் பங்கு எவ்வளவு என்பதெல்லாம் வரவுசெலவுக் கணக்காகவே அக்கடிதத்தில் தொடர்கிறது. மதங்கள் கலந்த அவ்வணிக உலகில் இவ்விழப்பை எழுதுவோர் புலம்பவில்லை. கணக்கை முடிக்கவே முயன்றனர்.

கூண்டு ஏற்றும் முறை மிகப் பிற்காலத்தது. 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய சூறாவளியில், துறைமுகத்தில் நின்ற 195 கப்பல்களுள் சேதமின்றித் தப்பியவை 23 மட்டுமே. 36 அடியோடு அழிந்தன. மறு ஆண்டே அத்துறைமுகத்திற்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது. இழந்த பெரிய கப்பல்கள் எண்ணிக்கையாயின. ஆற்றில் நின்ற நாட்டுப் படகுகளுக்கு அத்தகைய துல்லியமான கணக்கு நமக்குக் கிடைப்பதில்லை. துறைமுகத்தில் ஏறும் கூண்டு நடுக்கடலில் இருப்பவன் கண்ணுக்குத் தெரியாது என்பதும் உண்டு. வானொலிக் கருவி சிறு மரக்கலங்களுக்கு வந்துசேர வெகுகாலம் ஆயிற்று.

1925ஆம் ஆண்டு, முத்துக்குளிப்புப் பருவத்தின் இறுதியில், வளைகுடாவில் திடீரெனப் புயல் எழுந்து பஹ்ரைன் முதலிய ஊர்களின் மரக்கலங்களை மூழ்கடித்தது. அவ்வாண்டை அம்மக்கள் ‘சனத்துத் தப்ஆ’, மூழ்கிய ஆண்டு, என்றே அழைத்தனர். வயதைக் கணக்கிடவும் அவ்வாண்டையே அடையாளமாகக் கொண்டனர். குவைத்தின் புகழ்பெற்ற நகுதா அலீ அந்நஜ்தீ 1930களின் இறுதியில் ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஆலன் வில்லியர்ஸைத் தம் மரக்கலத்தில் ஆப்பிரிக்கக் கரைவரை அழைத்துச் சென்றவர். பெருங்கடல்களை வென்று திரும்பிய அவர், 1979இல் தம் சொந்த ஊர்க் கரையருகே மீன்பிடிக்கச் சென்றபோது புயலில் மறைந்தார்.

மறைந்தவர் இறந்தவரா என்பதே இவ்வரலாற்றின் கடினமான பகுதி. ஏடனிலிருந்து புறப்பட்ட ‘கூலமீ’ என்னும் கப்பல் பற்றி அதே கெய்ரோச் சேமிப்பில் ஒரு சாட்சியம் உண்டு. அதனுடன் இணையாகச் சென்ற மற்றொரு கப்பலின் மாலுமிகள், இரவில் கூலமீயிலிருந்து எழுந்த அலறலைக் கேட்டனர். விடிந்து பார்த்தபோது கடலில் அதன் சுவடே இல்லை. ஏடனின் யூத நீதிமன்றம் இச்சாட்சியத்தைத் திரட்டியதன் நோக்கம், அதில் சென்ற வணிகரின் மனைவிக்கு மறுமண உரிமை உண்டா என்று தீர்மானிப்பதே. உடலைக் கண்டவர் இல்லை. குரலைக் கேட்டவர்தான் உண்டு.

நம் கிதாபுகளில் இத்தகையவருக்கு ‘மஃப்கூத்’, காணாமற்போனவர், என்று பெயர். அவர் மனைவி நான்கு ஆண்டு காத்திருந்து, பின்னர் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும் என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்ததை இமாம் மாலிக் (ரஹ்) அறிவிக்கிறார். ஹன்பலி அறிஞர்கள், மரணமே மிகச் சாத்தியமான நிலையில் காணாமற்போனவரையும் மற்றவரையும் வேறுபடுத்தினர். முதல் வகைக்கு அவர்கள் தரும் உதாரணங்களுள் ஒன்று, கப்பல் உடைந்து சிலர் பிழைத்துச் சிலர் மூழ்கிய நிலையில் தகவலே இல்லாதவர். அவர் மனைவிக்கு நான்கு ஆண்டு. ஆனால் ஹனஃபி மத்ஹபில், அவருடைய வயதொத்தோர் இறந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பழைய கருத்து நான்கு ஆண்டு. புதிய கருத்தோ, மரணம் உறுதியாகும்வரை அவள் அவருடைய மனைவியே என்பது.

இது நம்மவரைத் தொட்ட செய்தி. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடல் வணிக ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹப். உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபி. மரக்கலம் ஏறிக் கணவர்கள் சென்ற ஊர்களில் எந்தச் சட்டம் பொருந்தியதோ அதன் கடுமை முழுவதையும் சுமந்தவர்கள் பெண்களே. பிள்ளைகளுக்குச் செலவழிப்பது யார், இளம்வயதில் தனித்து வாழ்வதெப்படி என்ற கேள்விகளை ‘சப்ரு செய்’ என்னும் ஒரு சொல்லால் மூடிவிட முடியாது என்பதை உணர்ந்தவர்கள் உலமாக்களுள் இருந்தனர். ஹனஃபி மத்ஹபின் பெரும் ஆலிமான மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) 1930களின் தொடக்கத்தில், மதீனாவின் மாலிகி அறிஞர்களிடம் ஃபத்வா பெற்று, இவ்விஷயத்தில் மாலிகி வழியை ஏற்கலாம் என்று தனி நூல் எழுதினார். தம் மத்ஹபைவிட்டு வெளியே வந்தது அவருக்கு எளிதாக இருந்திராது. 1939இல் இயற்றப்பட்ட முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், கணவரைப் பற்றி நான்கு ஆண்டு தகவல் இல்லையெனில் மனைவி நீதிமன்றம் செல்லலாம் என்றது. தீர்ப்பு ஆறு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதற்குள் கணவர் வந்து, மனைவியாக வைத்து வாழத் தயார் என்று நீதிமன்றத்தை நம்பச் செய்தால், தீர்ப்பு நீக்கப்படும்.

சொத்து, ஓய்வூதியம், இழப்பீடு ஆகியவற்றுக்கு வேறொரு கணக்கு. 2024 வரை நடைமுறையில் இருந்த, 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டப்படி ஏழு ஆண்டு தகவல் இல்லாதவரே இறந்தவராகக் கொள்ளப்பட்டார். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் மீனவர்களை வாரிச் சென்றபோது, அக்குடும்பங்கள் ஏழு ஆண்டு காத்திருக்க முடியாது என்பது வெளிப்படையாயிற்று. தமிழக, கேரள அரசுகள் அவ்விதியைத் தளர்த்தி, திரும்பாதோரின் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் வீதம் வழங்கின. அவர்களில் பெரும்பாலோர் கிறித்தவக் குடும்பத்தினர். உடல் கிடைக்காத இறப்புக்குச் சான்றிதழ் பெற அவர்கள் அலுவலகங்களில் அளித்த விளக்கமும், ஏடன் நீதிமன்றத்தில் மாலுமிகள் அளித்த சாட்சியமும் ஒரே வகையைச் சேர்ந்தவை: கடைசியாக யார் கண்டார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு.

ஃபராயிள் பாடத்தில், பாகப் பிரிவினையின்போது வாரிசுகளுள் ஒருவர் காணாமற்போயிருந்தால் என்ன செய்வது என்றொரு பகுதி வரும். தந்தை இறந்துவிட்டார், மகன் சென்ற கப்பலைப் பற்றித் தகவல் இல்லை. மற்றவர்களுக்கு ஐயமின்றி உரியதைக் கொடுத்துவிட வேண்டும். அந்த மகனுக்கு வரக்கூடிய பங்கை எவருக்கும் கொடுக்காமல், அவர் திரும்பும்வரை அல்லது அவருடைய மரணம் உறுதியாகும்வரை தனியே நிறுத்திவைக்க வேண்டும். மாணவர்கள் கணக்குப் போட்டு, எல்லாப் பெயர்களுக்கும் எதிரே தொகையை எழுதுவர். அந்த ஒரு பெயருக்கு எதிரே மட்டும் ‘மவ்கூஃப்’, நிறுத்திவைக்கப்பட்டது, என்று எழுதுவர்.